முகம் தெரியாத வழி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போகிறேன், வயிற்றுக்கு ஏதோ போடுகிறேன். நீ கேட்கப்போவதற்கெல்லாம் முதலிலேயே பதில் சொல்லியாயிற்று. நீ எப்படி இருக்கிறாய்? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே அழுதுவிடுகிறேன். கடிதம்தான் நமக்குச் சரி.

கிடங்கில் அதே இரவு வேலை. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்துகொண்டு உறைந்த மீன் பெட்டிகளை இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்கு மாற்றுகிறேன். விடிந்ததும் வீடு, திரைச்சீலை, படுக்கை. டீச்சர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். (பார், பெண்டாட்டி செத்து ஒன்றரை வருஷம் ஆகியும் டீச்சர் என்றுதான் வாயில் வருகிறது. மழலையர் பள்ளியில் அத்தனை வாண்டுகளை மேய்த்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

இப்போது தூக்கம் வருகிறது. கூடவே வேறொன்றும் வருகிறது. சிரிக்காமல் படி.

மனதை அமைதியாக்கும் வகுப்பு என்று போட்டிருந்தார்கள், சேர்ந்தேன். அங்கே கடைசியில் சொல்லிக்கொடுத்தது உடம்பை விட்டு வெளியே வருவதற்கு. மல்லாந்து படுத்து, உடம்பை மட்டும் தூங்கவிட்டு, நாம் விழித்திருக்க வேண்டும். முதலில் உள்ளங்காலில் ஓர் அதிர்வு வரும், கிடங்கின் கம்ப்ரஸர் ஓடுகிற மாதிரி. அது தலைவரை ஏறியதும் ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல ஒரு வழுக்கல். அவ்வளவுதான். கூரையருகே நின்று கீழே பார்த்தேன். ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். எங்கள் கிடங்கு மீனுக்கும் அவனுக்கும் வித்தியாசமே இல்லை. அது நான்.

தொப்புளுக்கு மேலிருந்து ஒரு கயிறு போகிறது; அதைப் பிடித்துத் திரும்பி வந்துவிடலாம். ஆபத்தில்லை என்கிறார்கள்.

எதற்காகப் போகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தேன். பஸ் நிறுத்தம் பார்த்தேன். கடைசியில் அவள் இருந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நின்றேன். சுவர், பெஞ்சு, தரையில் துடைத்துவிட்டுப் போன ஈரம், எல்லாம் அப்படியே துல்லியமாகத் தெரிகிறது. அவள்தான் இல்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

திட்டச் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஆள் நீ ஒருத்தன்தான். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையெல்லாம் கதையில் படிக்கத்தான்டா நன்றாக இருக்கும். போனவன் திரும்பி வருவதற்குள் கூட்டை எரித்துவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு டாக்டரைப் பார். காய்கறி சாப்பிடு. உன் மீன் பெட்டி மாதிரியே உன் மூளையும் உறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். எங்கள் லேபுக்குப் பல் செட் வேலை குறைவில்லாமல் வருகிறது. இப்போது என் எதிரே யாரோ ஒரு பெரியவரின் மேல் வரிசை மெழுகில் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவர் நிஜத்தில் சிரிப்பாரா தெரியாது.

உன் கடிதத்தைப் பற்றி எங்கள் சூப்பர்வைசரம்மாவிடம் சொன்னேன். அவளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஈறு நிறம் ஒரு சாயல் மாறினால்கூடப் பல் செட்டைக் குப்பையில் போடுகிற மகராசி. அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தனியாவா போறான்?" என்றாள்.

"ஆமா. தனியாத்தான் இருக்கான், பாவம்."

"அதைக் கேக்கல. யார் மேளம் தட்டறா?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். அவள் குடும்பத்தில் இப்படிப் போகிறவர்கள் உண்டாம். அவளும் போயிருக்கிறாளாம், விரும்பிப் போகவில்லை, இருபது வயதில் ஒரு நோய் வந்து அதோடு சேர்ந்து வந்த வினையாம். "நாங்க எங்களுக்காகப் போறதில்ல. யாராவது வந்து கேக்கணும். பக்கத்துல ஒருத்தர் மேளம் தட்டிக்கிட்டே இருக்கணும், அந்தத் தாளம்தான் வழி. தாளம் மாறினா அப்படியே திரும்பிடணும். உன் தம்பி போறது ஊர் சுத்தறதுக்கு. தனக்காகப் போறவன் முன்னாடியே பாத்துக்கிட்டுப் போவான். பின்னாடி என்ன வருதுன்னு பாக்க மாட்டான்."

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நிறுத்திவிடு.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை சும்மா கேட்கவில்லை.

உன் வீட்டுக்கு வந்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை. எனக்குக் காலை, உனக்கு மத்தியானம். உன்னை நினைத்துக்கொண்டு படுத்தேன், வழியில் எதுவும் இல்லை, நேரே உன் சமையலறை. நீ இந்த வீட்டுக்குக் குடிபோனபின் நான் வந்ததே இல்லை, போட்டோவும் நீ அனுப்பியதில்லை. சரிதானா என்று சொல்: குழாய்க்கு அடியில் நீல வாளி. ஜன்னல் விளிம்பில் பிளாஸ்டர் அச்சுகள், ஒன்றுக்கு முன்பல் உடைந்திருக்கிறது. அடுப்பின்மேல் ஒரு பாத்திரம், மூடியின் குமிழ் போய் அந்த இடத்தில் ஒரு கார்க்கைச் செருகி வைத்திருக்கிறாய்.

சமையலறை தாண்டி இடதுபக்கம் இடைவழி, அதன் முடிவில் உன் படுக்கையறை. கதவு பாதி திறந்திருந்தது. நீ படுத்திருந்தாய், தலையில் துணி சுற்றிக்கொண்டு. வேலை நேரத்தில் எதற்குப் படுக்கை? உள்ளே வரவில்லை. அக்கா தூங்குகிற அறைக்குள் கேட்காமல் நுழைவது எந்த உடம்போடு வந்தாலும் தப்புதான்.

திரும்பும்போது இடைவழியை ஒட்டிய சின்ன அறையில் ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு. விருந்தாளி வந்திருப்பதாக நீ எழுதவே இல்லையே? யார் அது? ஆணா பெண்ணா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. ஈர விரலால் தேய்த்த போட்டோ மாதிரி இருந்தது. நாற்காலியின் கால் நான்கும் தெளிவாகத் தெரிந்தன.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். அன்று காய்ச்சல், அதனால் லீவு. வேறொன்றுமில்லை.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அந்த நாற்காலியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

இனிமேல் அப்படி வராதே. நல்லபடியாக லெட்டர் போட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு, வாசல் வழியாக வா.

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ நலம் என்று எழுதுவாய்.

மறுபடி வந்தேன். ஒரு தடவை இல்லை. முதலில் வந்தபோது நாற்காலி இல்லை, அந்த ஆள் சின்ன அறைக்கு வெளியே இடைவழியில் நின்றிருந்தார். அடுத்த முறை இடைவழியின் நடுவில். நேற்று உன் அறைக் கதவருகில். நடந்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் வந்து சேரும்போது கொஞ்சம் முன்னால் இருக்கிறார். அவ்வளவுதான்.

நேற்று உன்னைக் கேட்காமல் உள்ளே வந்தேன், மன்னித்துவிடு. தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. கட்டிலுக்கடியில் வாந்தி எடுக்கக் கிண்ணம். மேஜைமேல் மருந்துப் பெட்டி. அதன்மேல் எழுதியிருந்த பெயரை நான் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, பெட்டியின் நிறமே போதும். டீச்சருக்கு நான் கையால் எடுத்துக் கொடுத்த மருந்து அது.

ஏன் மறைத்தாய்? நான் என்ன அந்நியனா?

லீவு கேட்டால் தருவார்கள், விமானமும் இருக்கிறது. யோசித்தேன். ஆனால் உடம்போடு வந்தால் எனக்கு அந்த ஆள் தெரியமாட்டாரே, அக்கா. டீச்சரின் கட்டிலருகில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தேனே, அப்போதும் இதேபோல் ஓர் ஆள் ஒவ்வோர் அடியாக உள்ளே வந்திருப்பார். எனக்குப் பார்க்கக் கண் இல்லை. அவர் பாட்டுக்கு வந்தார், கூட்டிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தடவை எனக்குக் கண் இருக்கிறது. உன் கதவுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நிற்கப்போகிறேன். என்னைத் தாண்டிப் போகட்டும், பார்க்கலாம்.

நீ மருந்தைச் சரியாகச் சாப்பிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 28

என் கண்ணான தம்பிக்கு,

இதைப் பார்த்த உடனே பதில் போடு. போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய்.

ஆமாம். மார்பில் கட்டி. ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். இடதுபக்கம் முழுதாக. இப்போது ஊசி மருந்து ஏற்றுகிறார்கள், முடி கொட்டுகிறது, சாப்பிட்டது தங்குவதில்லை. வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. சூப்பர்வைசரம்மாதான் வீட்டுக்கு வந்து போகிறாள். மனம் சலிக்கக் கூடாதென்று கொஞ்சம் மெழுகும் கத்தியும் கொடுத்துவிட்டுப் போவாள், படுக்கையிலேயே செதுக்குவேன். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? ஒருத்தியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நீ நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இன்னொரு கட்டிலருகில் உன்னை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் காட்சி வேண்டாமென்று இருந்துவிட்டவள், தனியாகவே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நீ எழுதியதெல்லாம் சரி. வாளி, மூடி, கார்க், உடைந்த முன்பல். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. இடைவழியில் யாரோ இருப்பது எனக்கும் தெரிகிறது. பார்க்கவில்லை. மருந்து ஏற்றிய மறுநாள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, யாரோ மூச்சை இழுத்துப் பேச ஆரம்பித்து, ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிற மாதிரி கேட்கும். நீ நடுவில் நிற்கிறேன் என்று எழுதிய நாளிலிருந்து அதுவும் இல்லை.

சூப்பர்வைசரம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "நிக்கறேன்னு எழுதியிருக்கானா? அங்க நிக்கக் கூடாது. போறதும் வர்றதும்தான் உண்டு, நிக்கறது கிடையாது. உடனே வரச் சொல்லு."

தம்பி, உன் உடம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்.

உன் அக்கா


மே 9

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். போனில் நீங்கள் அழுததில் நான் பாதியும் நீங்கள் பாதியும்தான் கேட்டிருப்போம். அதனால் எழுதுகிறேன். நான் உங்கள் தம்பியோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன், கீழ்மாடியில் குடியிருக்கிறேன். கிடங்கில் என்னைப் பீப்பாய் என்பார்கள். நேரில் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

அவன் வேலைக்கு வரவில்லை. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. பூட்டை உடைத்துத்தான் போக வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்திருந்தான், கை இரண்டும் பக்கத்தில் நேராக. கூப்பிட்டேன், உலுக்கினேன், கன்னத்தில் ஓர் அறைகூட விட்டேன், அதற்கு மன்னிக்கவும். மூச்சு இருக்கிறது, ஆனால் அடுத்த மூச்சு வருமா வராதா என்று நமக்கே நெஞ்சு வலிக்கிற அளவுக்கு மெதுவாக.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மூளையில் கோளாறு இல்லை, ரத்தத்தில் விஷம் இல்லை. "தூங்கறார், ஆனா எழுப்ப முடியல" என்கிறார் டாக்டர். இதைச் சொல்வதற்கு எதற்கு டாக்டர்? குழாய் வழியாகச் சாப்பாடு போகிறது. ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறான். உடம்பு கிடங்கு மாதிரி குளிர்ந்து கிடக்கிறது.

உங்கள் கடிதம் பிரிக்காமல் தபால்பெட்டியில் கிடந்தது. தப்பாக நினைக்காதீர்கள், பிரித்து அவன் காதருகில் படித்தேன். கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். கண்ணிமைகூட ஆடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன். எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது, ஆனால் பலம் இருக்கிறது.

இப்படிக்கு,
பீப்பாய்


ஜூன் 1

என் தம்பிக்கு,

கண்ணைத் திறந்தாய், தண்ணீர் கேட்டாய் என்று பீப்பாய் போன் செய்தார். அந்த நல்ல மனிதருக்குக் காலத்துக்கும் பல் செட் இலவசம் என்று சொல்லிவிட்டேன். உட்கார முடிகிறதா? கஞ்சியாவது இறங்குகிறதா?

உன்னை எப்படிக் கூப்பிட்டோம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சூப்பர்வைசரம்மா மேளத்தோடு வந்தாள். பழைய தோல், ஓரமெல்லாம் கறுத்துப்போனது. வழக்கமாகத் தட்டுகிற அவளுடைய அண்ணன் உயிரோடு இல்லை. "நீதான் கேக்கணும், நீதான் தட்டணும்" என்றாள். "என் தம்பிக்காகப் போங்க" என்று கேட்டேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு தட்டினேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை, தூக்கினாலே தீயாக எரியும். அவள் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில், தெருவில் யாரோ கார் கழுவுகிற சத்தம்.

வெகு நேரம் கழித்து எழுந்து, "இல்ல" என்றாள். "ஒரு ஆறு இருக்கு. செத்துப்போன எங்க ஆளுங்க அங்க இருக்காங்க. உன் தம்பி அந்தப் பக்கமே வரல." அவள் முகத்தில் அப்படி ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் வழி தெரியவில்லை, தம்பி. போய்விட்டாள் வீட்டுக்கு.

மறுநாள் அவளாகவே வந்தாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவன் போற வழியில சுவரு தெரியும், மூஞ்சி தெரியாது. நான் போற வழியில மூஞ்சி தெரியும், சுவரு தெரியாது. அவன் எங்கயும் போகல. இங்கதான் நிக்கறான். எனக்குத்தான் இந்த வீடு தெரிய மாட்டேங்குது. நீ தட்டிக்கிட்டே வழி சொல்லு."

தட்டிக்கொண்டே உன் கடிதங்களில் இருந்தபடி சொன்னேன். சமையலறை. நீல வாளி. இடதுபக்கம் இடைவழி. வலதுபக்கம் சின்ன அறை, அதைத் தாண்டுங்கள். என் கதவு.

"இருக்கான்" என்றாள். கண் மூடியபடியே. "ஐயோ, கையை விரிச்சிக்கிட்டு நிக்கறான். கயித்தைக் காணோம், நூலாட்டம் இருக்கு."

"எதிர்ல? எதிர்ல யாரு?"

 நான் தாளத்தை விடாமல் மறுபடி கேட்டேன்.

"ஒரு பொண்ணு" என்றாள். "புருவத்துல சின்னத் தழும்பு. விரலெல்லாம் சாக்பீஸ் தூளு. இது கூட்டிட்டுப் போக வந்தது இல்லம்மா. இது அவன் பின்னாடியே வந்தது."

என் கை நின்றுவிடப் பார்த்தது. நிறுத்தவில்லை. "என்ன வேணுமாம்? கேளுங்க."

அவள் குரலை மாற்றிப் பேசினாள் என்றெல்லாம் நினைக்காதே. யாரோ சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற மாதிரி, அவளுடைய அதே வறட்டுக் குரலில்தான் சொன்னாள். "'அண்ணி, இவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. இவர் வெளிய வர்றப்பல்லாம் நானும் பின்னாடி வர வேண்டியிருக்கு. ஸ்கூலு, பஸ் ஸ்டாப்பு, ஆஸ்பத்திரின்னு எங்க போனாலும் இழுத்துக்கிட்டுப் போறார். திரும்பிப் பாக்கறதே இல்ல. உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தா நடுவுல நிக்கறார். எனக்குக் கால் வலிக்குது, அண்ணி.'"

அப்போதுதான் நான் கத்தினேன். "டேய், கையை இறக்கு. அது டீச்சர்டா!"

தாளத்தை மாற்றினேன். அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடி, வேகமாக, வீட்டுக்குத் திரும்புகிற தாளம். அன்று சாயங்காலம்தான் நீ தண்ணீர் கேட்டிருக்கிறாய்.

இன்னும் முடியவில்லை. அவளை அந்த ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும், அதைச் சூப்பர்வைசரம்மா செய்வாள். ஆனால் நீ உன் உடம்புக்குள் இருக்க வேண்டும். விழித்துக்கொண்டு. ஒரு தரம் நீ வெளியே வந்தாலும் அவள் உன் பின்னால் வந்துவிடுவாள். இந்த மாதக் கடைசி ஞாயிறு, எனக்கு மத்தியானம், உனக்குக் காலை.

உன் அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உட்கார்ந்து எழுதுகிறேன். கஞ்சி இறங்குகிறது. உன் கை எப்படி இருக்கிறது?

நீ கத்தியது எனக்குக் கேட்டது. உற்றுப் பார்த்தேன், அக்கா. எதிரில் நின்றிருந்ததை, ஒரு கை தூரத்தில். அப்போதும் முகம் தெரியவில்லை.

உன் சூப்பர்வைசர் மாதக்கணக்கில் உன் வீட்டுக்கு வந்துபோகிறவள். டீச்சரின் தழும்பைப் பற்றியும் அவள் உன்னை அண்ணி என்பதைப் பற்றியும் நீயே என்றைக்காவது சொல்லியிருப்பாய். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது டீச்சர்தான் என்றால் இவ்வளவு காலம் நான் தேடியது என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. ஒரே ஒரு முறை போய், நேரே திரும்பி, நிதானமாகப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்.

உன் தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

தள்ளிப்போட முடியாது.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவும் மாட்டேன். எனக்கு ஞாபகமில்லை. அவள் பார்த்தது நிஜமா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ எழுந்த நாளிலிருந்து இந்த இடைவழியில் ஒருத்தி நிற்கிறாள். மத்தியானத்தில் நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்த இடத்தில் ஒதுங்கி நடக்கிறேன். நேற்று என்னையறியாமல் "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். நாற்காலியையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறேன்.

நீ போய்ப் பார்த்தால் உனக்குத் தெரியாது. உன் வழியில் முகம் இல்லை. இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று போவாய். அவளும் வருவாள். முப்பத்தாறு வயதில் போனவள்டா. நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினவள். அவளை விடு.

ஞாயிற்றுக்கிழமை நான் தட்டுவேன். நீ இரு.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை எழுதும்போது யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் கடைசி ஊசி முடிந்தது, தலையில் முடி அரும்புகிறது என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டு நான் அழாமல் ஐந்து நிமிஷம் பேசினேன். கவனித்தாயா? டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பெட்டி படுக்கையோடு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் போனில் கேட்டாய், அப்போது சொல்ல வரவில்லை.

பீப்பாயைக் கூப்பிட்டிருந்தேன். என்ன ஏது என்று சொன்னேன். "அதாவது நீ கிளம்பினா நான் அமுக்கிப் பிடிக்கணும், அவ்வளவுதானே?" என்றான். வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து என் முழங்காலுக்குக் கீழே ஏறி உட்கார்ந்துகொண்டான். கட்டில் முனகியது. உன் பல் செட்டைப் பற்றி ஆரம்பித்தான். கடைவாய்ப்பல் இரண்டு போய்விட்டதாம், மென்றால் ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருக்கிறதாம், உன் சிரமம் பார்த்துத்தான் கேட்க வேண்டுமாம். திரைச்சீலையை நான் இழுக்கவில்லை. அறை முழுக்க வெயில்.

நீ தட்ட ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலில் அந்த அதிர்வு வந்தது, நான் கூப்பிடாமலே. இதற்குமுன் அப்படி வந்ததில்லை. முழங்கால், இடுப்பு என்று ஏறியது. கழன்றுகொள்வது எவ்வளவு சுலபம் தெரியுமா, அக்கா? மூச்சை விட்டால் போதும். எழுந்து நின்றிருப்பேன். திரும்பியிருப்பேன்.

"பிடிடா" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கை எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. பல் கதையை மட்டும் நிறுத்தவே இல்லை. பாதி வாக்கியத்தில் திடீரென்று நிறுத்தினான்.

என் தலைமாட்டுப் பக்கம் மெத்தை தாழ்ந்தது. ஒல்லியான ஆள் ஓரமாக உட்கார்ந்தால் தாழ்கிற அளவுக்கு. பீப்பாய் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளிறிப் போயிற்று. நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. திரும்பினால் வெயிலும் மெத்தையும்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தத் தாழ்வில் தோள் சரிய, அப்படியே கிடந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். அது போதுமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெத்தை எழும்பியது.

பிறகு வாசல் கதவு சாத்துகிற சத்தம். உனக்கு நான் சொன்னதில்லை. டீச்சர் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் நான் வேலை முடித்து வந்து கண் அயர்ந்திருப்பேன். என்னை எழுப்பக் கூடாதென்று, கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்துவாள். பூட்டின் நாக்கு உள்ளே போய் உட்காருகிற சின்ன 'க்ளிக்' மட்டும் கேட்கும். அது கேட்டது.

பீப்பாய் என் காலைவிட்டு இறங்கி ஓடினான். வாசலிலிருந்து அவன் குரல் வந்தது.

"தாழ்ப்பாள் உள்ள போட்டபடியே இருக்குடா. திறந்து, வெளிய யாராவது இருக்காங்களான்னு பாக்கட்டுமா?"

"வேணாம்" என்றேன். "அவ போகட்டும். நேரமாகுது அவளுக்கு."

உன் தம்பி